யார் கை பட்டது?

ஜூன் 4

சித்திக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

அப்பாவின் உடம்பில் என்ன? மாடி வீட்டு டீச்சர் எனக்குப் போன் செய்தார். அப்பா பால்கனியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். இரண்டு கைகளிலும் வயிற்றிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளங்களாம். "கொதிக்கிற தண்ணிய மேல கொட்டின மாதிரி இருந்துச்சும்மா, பாக்கவே முடியல" என்றார். அப்பாவைக் கேட்டால், "ஒண்ணுமில்லடி, சூட்டுக் கொப்புளம்" என்கிறார். அவர் தன் லாண்டரியை மூடி வருஷக்கணக்காகிறது. இஸ்திரிப் பெட்டியைத் தொடாத மனுஷருக்கு எங்கிருந்து வந்தது சூடு?

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரிக்கிறவள். "தானா தீப்பிடிச்சது சார்", "தானா வழுக்கி விழுந்தாரு சார்" என்று தினமும் கேட்கிற காது இது. அதனால் தானாக வந்தது என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

அம்மாவின் அலமாரியை நீங்கள் காலி செய்த அன்று, இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான். அதற்காக அங்கே நடப்பதைக் கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவரைக் குளிப்பாட்டுவது யார், வெந்நீர் வைப்பது யார், எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அவருடைய மகள்


ஜூன் 9

ஜட்ஜம்மாவுக்கு,

பெயர் நான் வைத்ததில்லை, உன் அப்பா வைத்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது.

வெந்நீர் ஊற்றுவதாக இருந்தால் கல்யாணமான புதிதிலேயே ஊற்றியிருப்பேனே? அப்போது என் தோளில் பலம் இருந்தது, அவருக்கும் வாய் அதிகம். இப்போது குடத்தைத் தூக்கினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. டீச்சருக்கு என் மேல் ஏற்கனவே கோபம். உங்களுக்கு ஜலதோஷம், உள்ளே வராதீர்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அதுதான் உனக்கு வந்த போன்.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். குளிர்காலம் முழுக்க அவருக்கு அரிப்பு. சோப்பை மாற்றினோம். மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையை வெயிலில் போட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் முழங்கைக்குக் கீழே தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கிறது. தோல் டாக்டரம்மா சதையில் ஒரு துளி வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பெம்ஃபிகாய்டு என்று பெயர் சொன்னார். உடம்பில் இருக்கிற எதிர்ப்பு சக்தியே தோலை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். வீட்டுக்குக் காவல் இருப்பவனே வீட்டுக்காரரைப் போட்டு அடித்தால் எப்படி? அந்தக் கதைதான்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொப்புளம் ஆளைக் கொல்லாதும்மா. இந்த வயசுல அது கிழிஞ்ச இடத்து வழியா உள்ள போற கிருமிதான் கொல்லும். அதுக்குக் குடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் லேசுப்பட்டது இல்ல. எதிர்ப்பு சக்திய இறக்கும், சர்க்கரைய ஏத்தும், புத்தியக் கூட கொழப்பும். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும். மொதல் வருஷந்தான் கண்டம். அதத் தாண்டிட்டா மூச்சு விடலாம்." அதனால் மாத்திரையைக் குறைவாகக் கொடுத்து, களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொன்னார். காலையிலும் சாயங்காலமும். கழுத்திலிருந்து குதிகால் வரை, புண் இருக்கிற இடம் இல்லாத இடம் எல்லாம். வயசானவர்களுக்கு அதுதான் ஆபத்துக் குறைந்த வழியாம். கொப்புளத்தை நாம் தொடவே கூடாது. ரொம்பப் பெரிதானால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் இறக்குவார், மேல்தோலை அப்படியே மூடியாக விட்டுவிடுவார்.

என் இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு குழந்தைக்குத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருவது குறைந்திருக்கிறது. யாருக்காவது தும்மல் வந்தாலே வீட்டுக்குள் விடுவதில்லை. நீ என்னைச் சந்தேகப்படு, பரவாயில்லை. ஆனால் சளியோடு மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதே.

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

சித்தி


ஜூன் 14

சித்திக்கு,

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆபீசில் நன்றாக எழுதப்பட்ட க்ளெய்மைத்தான் இரண்டு முறை படிப்போம்.

பரிசோதனை ரிசல்ட் நகல் வேண்டும். டாக்டர் சொன்னது என்று நீங்கள் சொல்வதை வைத்து நான் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எங்கள் கம்பெனி டாக்டரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு நோய் உண்டு, பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் வரும் என்றார். கூடவே ஒன்று கேட்டார். "பெரியவரைப் பாத்துக்கறது யாரு? இந்த நோயில பாதி வைத்தியம் அவங்க கையிலதான் இருக்கு." என்னவென்று சொல்ல? லாண்டரியில் பில் போட வந்து, அம்மா இறந்த வருஷமே வீட்டுக்கு வந்தவர் என்றா?

யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் பார்க்க முடியாத நோயாளி என்றால் எனக்கு உடனே மூக்கு வேர்க்கும். அது என் தொழில் புத்தி, மாற்ற முடியாது.

அப்பாவிடம் போனில் நிறைய நேரம் பேசினேன். என்ன பேசினோம் என்பது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும்.

மகள்


ஜூன் 23

ஜட்ஜம்மா,

ரிசல்ட் நகல் இதோடு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அவரிடம் என்னதான் சொன்னாய்?

நீ பேசின மறுநாள் காலையில் களிம்பை எடுத்துக்கொண்டு போனேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "குடு, நானே போட்டுக்கறேன்" என்றார். ஏன் என்றேன். "சும்மாதான்." அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே போட்டுக்கொள்கிறார். தன் முதுகுக்கு அவர் கை எட்டுமா? குனிந்து குதிகாலைத் தொட முடியுமா? வெளியே வரும்போது பார்த்தால் மார்பில் மட்டும் பளபளவென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வறண்டு கிடக்கிறது. "எதுக்கு இந்த வீம்பு, திரும்புங்க" என்றால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறார். என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

அடங்கியிருந்தது மறுபடியும் கிளம்பிவிட்டது. முதுகிலும் தொடையிலும் புதிதாக வந்திருக்கிறது. அதைவிட மோசம், கொப்புளங்கள் முழுசாக இல்லை. தினமும் இரண்டு மூன்று கிழிந்து, தோல் உரிந்து, சிவப்பாகக் கிடக்கின்றன. போர்வையில் உரசுகிறதோ என்று போர்வையை மாற்றினேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அதற்கே போராட்டம். டாக்டரம்மா முதுகைப் பார்த்துவிட்டு, "களிம்பு போடறதே இல்லையா? இத யாரு கிழிக்கறா?" என்று என் முகத்தையே பார்த்தார். நான் என்ன சொல்வது? இவர் தலையைக் குனிந்துகொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் டாக்டரம்மா மாத்திரையை ஏற்றிவிட்டார். எதைக் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்று அவரே சொன்னாரோ அதையே.

நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

சித்தி


ஜூன் 30

சித்திக்கு,

லேபுக்குப் போன் செய்து நகலைச் சரிபார்த்தேன். நிஜம்தான். நோய் நிஜம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிஜமாகவே நடந்த விபத்திலும் பொய்க் கணக்கு வரும் என்பது எனக்குத் தெரியும்.

நேற்று அப்பா என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டு நான் ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன். சர்க்கரையே இல்லாதவருக்கு இப்போது சர்க்கரை என்கிறார். எல்லாம் அந்த மாத்திரை. குறைந்த மாத்திரையே போதும் என்று சொன்ன டாக்டர் ஏன் அதை ஏற்ற வேண்டும்? களிம்பு சரியாகப் போடவில்லை என்றால்தானே? கேட்டால் என் மேல் திருப்பி விடுகிறீர்கள். "சித்தி இப்பல்லாம் கிட்டயே வர்றதில்ல" என்று அப்பாவே சொல்கிறார். கொப்புளங்கள் தானாகக் கிழிகின்றன என்கிறீர்கள். மறுபடியும் அந்தத் தானாக!

அதனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நலனைக் கவனிக்கிற அதிகாரிக்கு எழுதிவிட்டேன். வீட்டில் அப்பாவுக்குக் காயம் உண்டாக்கப்படுகிறதோ என்ற சந்தேகம் இருக்கிறது என்று என் பெயர் போட்டே எழுதியிருக்கிறேன். மொட்டைக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் சுத்தமாக இருந்தால் விசாரணையில் தெரியட்டும்.

மகள்


ஜூலை 8

உனக்கு,

மூன்று பேர் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். தெரியாத நம்பரை நீ எடுப்பதில்லை போலிருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. காய்ச்சலில் பல் கிட்டித்துக்கொண்டு, கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். ஆன்டிபயாடிக் போகிறது. உயிர் இருக்கிறது. முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

அவர் சட்டையைக் கழற்றும்போது உள்பனியன் மடிப்பில் ஒரு ஊக்கு இருந்தது. லாண்டரியில் துணிக்கு நம்பர் சீட்டுக் குத்துவோமே, அந்த ஊக்கு. நுனியில் காய்ந்த ரத்தம்.

லாண்டரியில் அவர் கையை நீ பார்த்திருப்பாய். நான் தினமும் பார்த்தேன். இஸ்திரி மேஜையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தால் கையில் கிடைத்த ஊக்கால் ஒரு குத்து, ஒரு அமுக்கு, தோலை உரித்துப் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார். "இதுக்குப் போயி டாக்டரா?" என்பார். சூட்டுக் காயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. அதைத்தான் கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை நாளும் இந்தப் புண்ணுக்குச் செய்திருக்கிறார். மாத்திரையால் எதிர்ப்பு சக்தி இறங்கிக் கிடக்கிற உடம்பில், துருப்பிடித்த ஊக்கால்.

ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று காய்ச்சல் வேகத்தில் கிடந்தவரைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "பொண்ணு சொல்லிட்டா. உன் கைய மேல வைக்க விடாதீங்கன்னு. நம்ம புண்ண நாமளே பாத்துக்கணும்னு." அப்புறம் என்னையே பார்த்து, "நீ வெளிய போ, சித்தி வந்துடுவா" என்றார். நான்தான் சித்தி என்பது கூட அவருக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

உன் புகாரும் வந்து சேர்ந்துவிட்டது. அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வெசாரணை முடியற வரைக்கும் நீங்க அவரத் தொடக் கூடாதும்மா. தனியாவும் இருக்கக் கூடாது." அதனால் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். களிம்பு தடவ நர்ஸ் வருகிறாள். பாவம், வார்டு முழுக்க நோயாளிகள், ஒரு கை தடவுவதற்குள் நான்கு பேர் கூப்பிடுகிறார்கள். பாதி உடம்போடு நின்றுவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். இன்று இவருக்கும் லேசாக இருமல்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னது: "காய்ச்சல் எறங்குது. இனிமே வார்டுல இருக்கறதுதான் ஆபத்து. நிமோனியா வந்துச்சுன்னா இந்த உடம்பு தாங்காது. வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா புகார் நிக்கறப்ப யார நம்பி அனுப்ப?"

நீ சொன்னதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள். மாட்டிக்கொண்டவள் பழியை மகள் மேல் போடுகிறாள் என்பார்கள். நீயே இன்ஷூரன்ஸ்காரி, உனக்குத் தெரியாதா? நீ சொன்ன வார்த்தையை நீதான் வந்து சொல்ல வேண்டும். சீக்கிரம். என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அந்த மனுஷர் இருமி இருமிப் போய்விடுவார்.

சித்தி


ஜூலை 13

சித்தி,

இதை இந்த ஊர் லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் உங்கள் கையில் சேர்ப்பார்.

உங்கள் கடிதம் வந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? வார்டுக்குப் போன் செய்து, இந்தப் பெயரில் நோயாளி இருக்கிறாரா, காய்ச்சல் உண்மையா என்று கேட்டேன். உண்மை என்று தெரிந்த பிறகும், ஊக்கை நீங்களே வைத்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு ஓடியது. என் புத்தி அப்படிப் போயிருக்கிறது. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்று அதில் இருப்பது உறைத்தது. "நம்ம புண்ண நாமளே பாத்துக்கணும்." அது என் வாயிலிருந்து அப்படியே வந்த வார்த்தை. நான் அவரிடம் மட்டும் சொன்னது.

நான் குத்தச் சொல்லவில்லை சித்தி. சத்தியமாகச் சொல்லவில்லை. "அவங்க கைய மேல வைக்க விடாதீங்கப்பா, என்னத்தத் தடவறாங்களோ, நம்ம புண்ண நாமளே பாத்துக்கணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த விதத்தில் பார்த்துக்கொண்டார்.

இன்று காலை அதிகாரியைப் பார்த்தேன். புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சொன்ன வார்த்தையையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "உங்கப்பா வேற மாதிரி சொன்னாரேம்மா" என்றார். அப்பாவுக்குத் தெளிவு வந்ததும் அவரையும் கேட்டிருக்கிறார்கள். "நானேதான் குத்துனேன். எனக்கு லாண்டரிப் பழக்கம். யாரும் எதுவும் சொல்லிக்குடுக்கல. என் பொண்ணு பாவம், தூரத்துல இருக்கா, பயந்துபோயி எழுதிட்டா, அவள ஒண்ணும் கேக்காதீங்க" என்றாராம்.

பிறகு வார்டுக்கு வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா பாதியாகிவிட்டார். நீங்கள் எதிரே ஸ்டூலில் இருந்தீர்கள். அவர் முதுகு அரித்து நெளிந்தார். நீங்கள் எழுந்து, இரண்டடி வைத்து, நின்று, மறுபடியும் போய் உட்கார்ந்தீர்கள்.

உள்ளே வரவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்ததில் எனக்குச் சளி பிடித்துவிட்டது. தும்மிக்கொண்டே இருக்கிறேன். சளியோடு இந்தப் பக்கம் வராதே என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவை இவ்வளவு பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்புகிறேன். உங்கள் பேச்சை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. இது ரொம்பத் தாமதம் என்று எனக்கே தெரியும்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். திட்ட வேண்டும் என்றால் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

மகள்


ஜூலை 20

ஜட்ஜம்மாவுக்கு,

கூப்பிட மாட்டேன். போனில் என்றால் நானும் கத்துவேன், நீயும் கத்துவாய்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இருமல் நெஞ்சுக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம். இன்னும் கண்டம் தாண்டவில்லை, டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்கிறார். முதல் வருஷத்தில் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. களிம்பு சரியாகப் போனால் மாத்திரையை மெதுவாக இறக்கலாமாம். மாத்திரை இறங்கினால் புத்தியும் தெளியும், சர்க்கரையும் இறங்கும்.

முகத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒருத்தி கதவருகே நின்றாள் என்று சிஸ்டர் சொன்னாள். நீ என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும், சளி என்பது சாக்கோ என்று பாதிச் சந்தேகம் இருந்தது. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போல.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நல்லது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கட்டிலில் நடுங்கினது என் கண்ணை விட்டுப் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

இப்போது உன்னால் மட்டுமே ஆகிற ஒரு வேலை இருக்கிறது. களிம்பு தடவ விடுகிறார். டாக்டரம்மா போட்ட சத்தத்தில் விடுகிறார். ஆனால் என் கை பட்டதும் உடம்பு முழுக்க ஒரு தடவை சுருங்குகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறார். முதுகில் பாதி தடவும்போதே "போதும் போதும்" என்று சட்டையை இழுத்துக்கொள்கிறார். அந்தப் பாதி முதுகில்தான் இப்போது புதிதாக வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது, நீ சொன்ன வார்த்தை இன்னும் அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை.

போனில் அவரிடம் எதுவும் சொல்லாதே. நான் பக்கத்தில் நின்றுகொண்டு உன்னைச் சொல்ல வைத்தேன் என்று நினைப்பார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ரகம். உன்னைக் காப்பாற்ற அவர் அதிகாரியிடம் சொன்ன பொய்யும் உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

சளி முழுசாக விட்டதும் கிளம்பி வா. படி ஏறமாட்டேன் என்ற சபதத்தை எல்லாம் ரயிலிலேயே விட்டுவிட்டு வா. வந்ததும் என்னிடம் மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம். கையைக் கழுவு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள். அவர் காதில் நன்றாக விழுகிற மாதிரி, "சித்தி, முதுக நீங்க பாருங்க, கால நான் பாத்துக்கறேன்" என்று சொல்.

சித்தி